கூலன்ட் மட்ட விளக்கு எரிந்தால்: சென்சரைச் சோதிப்பதும் மாற்றுவதும்

டேஷ்போர்ட் மீட்டரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு என்று விளக்கு எரிகிறது. பொனட்டைத் திறந்தால் டேங்கில் MIN, MAX கோடுகளுக்கு நடுவே கூலன்ட் ஒழுங்காக நிற்கிறது. இந்த இடத்தில் பல கராஜ்களில் நடப்பது ஒன்றுதான்: சென்சர் பிளக்கைக் கழற்றி, வயர் இரண்டையும் முறுக்கி டேப் சுற்றி விடுவார்கள். விளக்கு அணைந்துவிடும், வாகனமும் கைக்கு வந்துவிடும். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

காரணம் எளியது. ஹீட் மீட்டருக்குச் செய்தி அனுப்பும் வெப்பநிலை சென்சர், கூலன்டுக்குள் மூழ்கியிருக்கும்போதுதான் சரியாக அளக்கும். ஒரு ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுவதும் கொட்டிவிட்டால் அதைச் சுற்றி மிஞ்சுவது காற்றும் ஆவியுமே. எஞ்சின் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்கும்போது முள் நடுவிலேயே நிற்கலாம், சில வேளை கீழேகூட இறங்கலாம். எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். சூடு ஏறுவதற்கு முன்பே எச்சரிக்கக்கூடியது மட்ட சென்சர் மட்டும்தான். அது பொய் சொல்கிறது என்றால் அதை முதலில் நிரூபியுங்கள், பிறகு திருத்துங்கள். வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

உங்கள் வாகனத்தில் இந்தச் சென்சர் இருக்கிறதா?

கொழும்பு வீதிகளில் ஓடும் விட்ஸ், வேகன் ஆர் போன்ற சிறிய ஜப்பானிய கார்களில் பொதுவாகக் கூலன்ட் மட்ட சென்சர் கிடையாது. அவற்றில் வரும் வெப்பமானி அடையாளம் வெப்பநிலைக்கானது: நீலம் என்றால் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது, சிவப்பு என்றால் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. சிவப்பு எரிந்தால் சென்சர் பற்றிய யோசனையே வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

மட்ட சென்சர் இருப்பவை பெரும்பாலும் பி.எம்.டபிள்யூ, பென்ஸ், அவுடி, ஃபோக்ஸ்வேகன், லேண்ட் ரோவர் போன்ற ஐரோப்பிய வாகனங்கள், பெரிய லொறிகள், புதிய பஸ்கள், எக்ஸ்கவேட்டர்கள், கட்டடங்களின் ஜெனரேட்டர்கள். பிரியஸ் போன்ற ஹைபிரிட் வாகனங்களில் இன்வேர்ட்டருக்கென்று தனிக் கூலன்ட் டேங்கும் தனிப் பம்பும் உண்டு. அந்தப் பக்கம் பழுதானால் ஸ்கேனரில் (வாகனக் கம்பியூட்டரின் பழுதுக் குறிகளைப் படிக்கும் கருவி) பி0ஏ93 என்ற கோட் வரும். அது இன்வேர்ட்டர் குளிரூட்டலில் கோளாறு என்று சொல்கிறது, எஞ்சின் கூலன்ட் மட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எஞ்சின் பக்கம் தேடுவதில் நேரம்தான் வீணாகும்.

விளக்கு உண்மை சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்

வாகனத்தைச் சமதரையில் விட்டு, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 பாகை செல்சியஸில் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்துக்குள் 120 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுவதால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் கொதித்துக் கையிலும் முகத்திலும் பாயும்.

பழைய டேங்கைப் பார்க்கும்போது ஒரு ஏமாற்று உண்டு. பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போனதும், வருடக்கணக்காகக் கூலன்ட் நின்ற இடத்தில் உட்புறம் கறைக்கோடு படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கறையே கூலன்ட் மட்டம் போலத் தெரியும். டேங்குக்குப் பின்னாலிருந்து டோர்ச் அடித்து, வாகனத்தை இலேசாக ஆட்டுங்கள். உண்மையான மட்டம் அசையும், கறை அசையாது. சந்தேகமிருந்தால் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள்.

குறைந்திருந்தால் சென்சர் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. அளவுக்கு நிரப்பி, மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அடுத்தடுத்த காலைகளில் ஆறிய நிலையிலேயே கவனியுங்கள். மூடிய கூலிங் தொகுதியில் கூலன்ட் "தானாகக் குறைவது" என்று ஒன்று இல்லை. இறங்குகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. வோட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் மடிப்பு, ஹோஸ் முனைகள், டேங்கின் ஒட்டு, மூடி ஆகிய இடங்களில் வெள்ளை, இளஞ்சிவப்பு அல்லது பச்சைப் பொடி காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சீட்டின் கார்ப்பெட் ஈரமாகி, உள்ளே இனிப்பான மணம் வந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குச் சூடு தரும் சிறு ரேடியேட்டர்). ஏசி போட்டு ஓடிய பின் வாகனத்தின் கீழே சொட்டும் நிறமோ மணமோ இல்லாத தண்ணீர் ஏசியினுடையது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

வெளியில் எதுவும் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்டர் கேளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்குப் பம்ப் அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். முள் இறங்கக்கூடாது. அச்சிட்ட எண்ணைத் தாண்டி அடித்தால் பழைய டேங்க் வெடிக்கும், ஆகவே "கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் தடுங்கள். மூடியையும் அதே கருவியில் தனியாகச் சோதிக்கலாம். அழுத்தம் இறங்குகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். டேங்க் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் பெற்றோல் எஞ்சினில் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று பொருள்.

மூன்று வகைச் சென்சர்

மட்டம் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால்தான் சென்சருக்கு வர வேண்டும். அதற்கு முன் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சோதனை முறை வகைக்கு வகை மாறும்.

முதல் வகை மிதவை. டேங்குக்குள் காந்தம் பொருத்திய மிதவை ஒன்று கூலன்டோடு ஏறி இறங்கும். அடியிலோ பக்கத்திலோ உள்ள சென்சருக்குள் கண்ணாடிக் குழாயில் அடைத்த ரீட் சுவிட்ச் இருக்கும். காந்தம் கிட்ட வந்தால் தொடுகை மாறும். சென்சரில் வழக்கமாக இரண்டு வயர். இதில் பழுதாவது பெரும்பாலும் மின்சாரப் பகுதி அல்ல, மிதவைதான். மிதவையில் நுண்ணிய வெடிப்பு விழுந்து கூலன்ட் உள்ளே புகுந்தால் அது அமிழ்ந்துவிடும். டேங்க் நிரம்பியிருந்தாலும் விளக்கு எரியும். பச்சைக் கூலன்டும் சிவப்புக் கூலன்டும் கலந்ததால் உண்டாகும் களி, லீக் அடைக்க ஊற்றும் பொடி, ரேடியேட்டரில் போடும் மஞ்சள் தூள் ஆகியவை மிதவையை ஓரிடத்தில் ஒட்டவைத்துவிடும். கீழே ஒட்டினால் விளக்கு சும்மா எரியும், எரிச்சல் மட்டும்தான். மேலே ஒட்டினால் கூலன்ட் தீர்ந்தாலும் எரியாது. ஆபத்து அங்கேதான்.

இரண்டாவது வகை இரண்டு உலோக ஊசிகள். ஃபோக்ஸ்வேகன், அவுடி, ஸ்கோடா டேங்குகளில் இதுதான். ஊசிகள் கூலன்டில் மூழ்கியிருந்தால் அவற்றுக்கிடையே சிறிது மின்சாரம் செல்லும், மட்டம் இறங்கினால் நின்றுவிடும். அசையும் பாகமே இல்லை என்பதால் நம்பகமானது. ஆனால் ஊசிகளில் படிவு ஏறினால் கூலன்டுக்குள் நின்றும் மின்சாரம் செல்லாது. வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றி ஓடினாலும் இதே விளைவுதான், சுத்தமான நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கூலன்ட் கொன்சன்ட்ரேட்டை (தண்ணீர் கலக்காத கூலன்ட்) சரியான அளவில் சேர்த்ததும் விளக்கு அணைந்தால் சென்சரில் பிழையே இருக்கவில்லை.

மூன்றாவது வகை, லொறிகளிலும் ஜெனரேட்டர்களிலும் வரும் எலக்ட்ரோனிக் புரோப். உள்ளே சிறு சர்க்கிட் உண்டு. மூன்று அல்லது நான்கு வயர்கள் வரும்: மின்னூட்டம், ஏர்த், சிக்னல். சிலவற்றில் மேல்மட்டம், கீழ்மட்டம் என இரண்டு சிக்னல்கள்.

ஸ்கேனர் கோட் எந்தப் பக்கம் போகச் சொல்கிறது?

கார்களில் பி2556 முதல் பி2559 வரையான கோடுகள் சென்சர் சர்க்கிட்டைக் குறிப்பவை. 2558 சிக்னல் தாழ்வாக வருகிறது, 2559 உயர்வாக வருகிறது. பி2560 என்றால் கூலன்ட் மட்டமே குறைவு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பி2560க்குப் போய்ப் புதுச் சென்சர் வாங்குகிறவர்கள் ஏராளம்.

லொறி, பஸ், ஜெனரேட்டர் எஞ்சின்களில் பழுது எந்த அளவீட்டில் என்று சொல்லும் எண் எஸ்பிஎன். எஸ்பிஎன் 111 என்பது கூலன்ட் மட்டம். அதோடு வரும், பழுதின் வகையைச் சொல்லும் எஃப்எம்ஐ எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 1, 17, 18 ஆகியவை வந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது, சென்சர் "குறைவு" என்று தெளிவாகச் சொல்கிறது என்று அர்த்தம். முதலில் கூலன்டையும் மிதவையையும் பாருங்கள். 3 என்றால் மின்னழுத்தம் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் சர்க்கிட் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த மூன்றும் பிளக், வயர், சென்சர் பக்கம். 2 வந்தால் சிக்னல் நிலையில்லாமல் ஆடுகிறது, பெரும்பாலும் பிளக்குக்குள் உள்ள உலோகப் பின் தளர்ந்திருக்கும். கமின்ஸ் எஞ்சின்களில் இதையே அவர்களின் சொந்த எண்களிலும் காணலாம்: 195, 196 சர்க்கிட் பழுது, 197, 235 கூலன்ட் குறைவு.

எல்லா கார்களும் கோட் பதியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல ஐரோப்பிய கார்களில் இந்தச் சென்சர் எஞ்சின் கம்பியூட்டருக்குப் போகாமல் மீட்டருக்கே போகிறது. எஞ்சின் பகுதியை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு "ஒரு கோடும் இல்லை" என்றால் நம்பாதீர்கள், மீட்டர் பகுதியையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

பிளக்கில் தொடங்குங்கள்

கொழும்பில் இந்தப் பழுதுக்குப் பிளக்கின் பங்கு பெரியது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலோரமாகவே தரித்து நிற்கும் வாகனங்களுக்கு உப்புக் காற்று. மழைக்காலத்தில் தேங்கிய வெள்ளத்துக்குள் ஓடினால் பிளக்குக்குள் தண்ணீர். தரிப்பிடத்தில் எலி இருந்தால் வயரின் தோல் போயிருக்கும்.

இக்னிஷனை அணைத்து, பூட்டு நாக்கை அழுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்களில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். எமரி தாள் வேண்டாம், பின்னின் மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மழையில் இன்னும் வேகமாக அரிக்கும். பிளக்குக்குள் கூலன்டே ஈரமாக நின்றால் சென்சரின் உட்பக்கம் ஒழுகிவிட்டது, சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிளக்கின் ரப்பர் சீல் இருக்கிறதா, உலோகப் பின் ஏதாவது பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் விளக்கு எரிந்து, காய்ந்ததும் அணைகிறது என்றால் ஏறக்குறைய நிச்சயமாகப் பிளக்தான். காலையில் எரிந்து, சூடானதும் அணைகிறது என்றால் கூலன்ட் எல்லைக் கோட்டில் நிற்கிறது. சூட்டில் விரிந்து மேலே வருகிறது. வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் எரிவதும் அதே கதைதான், கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏறும்போது எரிந்து சமதரையில் அணைந்தால் சென்சரை விட்டுவிட்டுக் கூலன்டை நிரப்புங்கள்.

மல்டிமீட்டரால் சோதிப்பது

தேவையானவை: மல்டிமீட்டர், சிறிய வலுவான காந்தம், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும் அதில் பொருந்தும் மெல்லிய குழாயும், சுத்தமான போத்தல் ஒன்று. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

மிதவை வகைக்குப் பிளக்கைக் கழற்றி, சென்சரின் இரண்டு பின்களிலும் ஓம் அளவில் மீட்டரை வையுங்கள். மூடிய தொடுகை என்றால் ஓரிரு ஓம், திறந்தது என்றால் ஓ.எல். (மின்சாரம் செல்ல வழியில்லை என்று மீட்டர் காட்டும் குறி). "நிரம்பியிருந்தால் மூடியிருக்க வேண்டும்" என்று பொதுவிதி எதுவும் இல்லை. சில கம்பனிகள் நிரம்பும்போது மூடும்படியும் சில குறையும்போது மூடும்படியும் செய்கின்றன. சிலவற்றில் சுவிட்சோடு ஒரு ரெசிஸ்டரும் இருக்கும், வயர் அறுந்ததா மட்டம் குறைந்ததா என்று கம்பியூட்டர் பிரித்தறிவதற்காக. அவற்றில் சுழியமும் ஓ.எல்.உம் வராது, இரண்டு வெவ்வேறு ஓம் அளவுகள் வரும். ஆகவே நீங்கள் தேடுவது ஒரு குறிப்பிட்ட எண்ணை அல்ல, மாற்றத்தை.

இப்போது சிரிஞ்சால் டேங்கிலிருந்து கூலன்டை உறிஞ்சிப் போத்தலில் விடுங்கள். MIN கோட்டுக்குக் கீழே போகும்போது வாசிப்பு மாற வேண்டும். திரும்ப ஊற்றும்போது பழைய நிலைக்கு வர வேண்டும். மாறவில்லை என்றால் சென்சரா மிதவையா என்று பிரிக்கக் காந்தம் உதவும். டேங்கின் வெளிப்புறத்தில், சென்சருக்கு அருகே காந்தத்தைக் கொண்டுபோய் எடுங்கள். வாசிப்பு மாறினால் ரீட் சுவிட்ச் நலம், மிதவை அமிழ்ந்தோ ஒட்டியோ இருக்கிறது. மிதவை டேங்கோடு சேர்ந்து வருவதென்றால் புதுச் சென்சர் வாங்கிப் பயனில்லை, டேங்கைத்தான் மாற்ற வேண்டும். காந்தம் எங்கே வைத்தாலும் அசையவில்லை என்றால் சென்சர் போய்விட்டது.

ஊசி வகையில் ஊசிகள் மூழ்கியிருக்கும்போது அளவிடத்தக்க ஓம் வர வேண்டும், வெறுமையாக இருக்கும்போது ஓ.எல். வர வேண்டும். மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீட்டர் ஒரே திசையில் மின்சாரம் செலுத்துவதால் ஊசியில் நுண்குமிழிகள் சேர்ந்து அப்படி ஏறும். மூழ்கியும் ஓ.எல். என்றால் ஊசியில் படிவு, அல்லது கூலன்டில் வெறும் தண்ணீர்.

புரோப் வகையில் ஓம் சோதனை எதையும் சொல்லாது. பிளக்கை மாட்டியபடியே பின்பக்கமாக மெல்லிய ஊசி செலுத்தி, இக்னிஷன் போட்டு வோல்ட் அளக்க வேண்டும். மின்னூட்ட வயரில் வாகனத்துக்குரிய அளவு வர வேண்டும், பல எஞ்சின்களில் அது 5 வோல்ட். ஏர்த் வயருக்கும் பற்றரி நெகடிவ்வுக்கும் இடையே 0.1 வோல்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சரி, மட்டம் மாறியும் சிக்னல் மாறவில்லை என்றால் புரோப் பழுது.

சென்சர் நலம், ஆனால் விளக்கு தவறு என்றால் வயரிங். இரண்டு வயர் சுவிட்ச் வகையில் மட்டும் பிளக்கின் இரு பின்களையும் சிறு வயர்த்துண்டால் இணைத்துப் பாருங்கள், பிறகு எடுத்துப் பாருங்கள். இரண்டு நிலைக்கும் விளக்கு மாறினால் வயரும் டேஷ்போர்ட் மீட்டரும் சரி. பல வாகனங்களில் விளக்கு மாறச் சில வினாடிகளோ நிமிடமோ ஆகும், வளைவில் கூலன்ட் அலைவதைப் பொருட்படுத்தாமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். தேவையானால் இக்னிஷனை அணைத்துப் போடுங்கள். மூன்று வயர் புரோப்பில் இப்படிப் பாலம் போட்டால் 5 வோல்ட் லைன் ஏர்த் ஆகி மற்றச் சென்சர்களையும் இழுத்து வீழ்த்தும். சோதனை முடிந்ததும் அந்த வயர்த்துண்டை எடுத்துவிடுங்கள், அங்கேயே மறந்துவிட்டால் முதலில் சொன்ன டேப் வேலையைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

பஞ்சிகாவத்தையில் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது

2020 முதல் 2025 தொடக்கம்வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் நம் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பங்கு வயதானவை. பிளாஸ்டிக் டேங்குகளும் அவற்றோடு சேர்ந்தே முதிர்ந்துவிட்டன. சென்சரைக் கழற்றும்போதே டேங்கின் கழுத்து உடைவது சாதாரணம், ஆகவே பத்து வருடம் தாண்டிய ஐரோப்பிய காரில் வேலை தொடங்குமுன் டேங்க் உடனே கிடைக்குமா என்று விசாரித்து வையுங்கள்.

பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைக்குப் போகும்போது சேஸி நம்பரையும் பழைய சென்சரையும், டேங்கில் அச்சான பார்ட் நம்பரின் படத்தையும் கொண்டுபோங்கள். ஒரே மொடலில் ஒரு வருட வித்தியாசத்தில் பிளக்கின் வடிவம் மாறியிருக்கும். வடிவம் ஒன்றாக இருந்தும் உள்ளே ரெசிஸ்டர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையும் இருக்கும். இரண்டையும் கடையிலேயே மீட்டரால் அளந்து ஒப்பிடுங்கள். காந்தத்தைக் காட்டி மாறுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கழற்றிய வாகனங்களிலிருந்து வரும் பாவித்த டேங்க், மூடி, ஹோஸ், தேர்மோஸ்டாட், வோட்டர் பம்ப் எதையும் வாங்காதீர்கள். டேங்க் வெளிப்பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் சூட்டில் முதிர்ந்த பிளாஸ்டிக் அழுத்தம் ஏறும்போதுதான் பிளந்துபோகும். பாவித்ததில் தாராளமாக வாங்கக்கூடிய ஒன்று உண்டு: ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்த பிளக். உங்கள் பிளக்கின் பின் அரித்துப் போயிருந்தால் தனிப் பிளக் தேடி அலைவதைவிட இது சிறந்தது. வயர்களைப் பற்றவைத்து, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் சூட்டில் டேப் அவிழும், ஈரம் வயருக்குள்ளேயே ஏறும்.

டேங்க் மாற்றினால் மூடியையும் புதிதாக, அதே அழுத்த அளவில் வாங்குங்கள். ஜப்பானிய கார்களில் வழக்கமாக 0.9 அல்லது 1.1 பார், ஐரோப்பியவற்றில் அதைவிட உயர்வு. மூடிகள் ஒன்றுக்கொன்று திருகிப் பொருந்தினாலும் மாற்றிப் போடக்கூடாது. குறைந்த மூடியில் கூலன்ட் சீக்கிரம் கொதித்து வெளியேறும், கூடிய மூடியில் ஹோஸும் டேங்கும் வெடிக்கும்.

மாற்றுவது

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். சென்சர் டேங்கின் அடியில் இருந்தால் கழற்றியதும் கூலன்ட் கொட்டும், ஆகவே சிரிஞ்சால் டேங்கைக் காலியாக்கி, கீழே அகலமான பாத்திரம் வையுங்கள். சென்சர் கால் சுற்றுத் திருகலில் வரும், அல்லது ஒரு கம்பிக் கிளிப் பிடித்திருக்கும். வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். இரு பக்கமும் மெல்ல ஆட்டி ஓ-ரிங்கின் பிடியைத் தளர்த்துங்கள்.

பழைய ஓ-ரிங் உள்ளேயே ஒட்டி நிற்கலாம். அதன் மேல் புதியது போனால் சென்சர் முழுதாக அமராது, ஒழுகும். இருக்கையைத் துணியால் துடைத்து, புது ஓ-ரிங்கைக் கூலன்டிலேயே நனைத்துப் போடுங்கள். எஞ்சின் ஒயிலோ சாதாரண கிரீஸோ பூசாதீர்கள், கூலன்டுக்குப் பயன்படும் ஈ.பி.டி.எம். ரப்பர் அவற்றில் ஊதிக் கெட்டுப்போகும். சென்சரைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

கூலன்ட் கெட்டுக் களியாகியிருந்தால் இதுவே முழுவதையும் மாற்றும் நேரம். வாகனக் கையேடு சொல்லும் தரத்தைப் பாருங்கள், நிறம் தரமல்ல. ஒரே சிவப்பில் ஒன்றோடொன்று ஒத்துவராத கூலன்டுகள் உண்டு. நமக்குப் பனி இல்லை என்பதால் தண்ணீர் போதும் என்ற எண்ணம் தவறானது. அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் கொன்சன்ட்ரேட்டில் உள்ளவைதான். சரிபாதி நல்ல அளவு. 60 வீதத்தைத் தாண்டினால் சூட்டைக் கடத்தும் திறன் குறையும். கலக்க வடித்த தண்ணீரே வேண்டும். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டு வாங்கும்போது லேபலைப் படித்து, அது அமிலமல்ல என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பழைய கூலன்டை வடித்துத் தண்ணீரால் கழுவி விட்ட பிறகு எஞ்சினுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். கொள்ளளவு 7 லீற்றர், வெளியே வந்தது 4.5 லீற்றர் என்றால் உள்ளே 2.5 லீற்றர் தண்ணீர் நிற்கிறது. முதலில் கொள்ளளவில் பாதியான 3.5 லீற்றர் கொன்சன்ட்ரேட்டை ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்டை இங்கே ஊற்றினால் அது மேலும் நீர்த்துப்போகும்.

இனி காற்றை வெளியேற்ற வேண்டும். ஹீட்டர் உள்ள வாகனத்தில் அதை முழுச் சூட்டில் வைத்து, பிளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியே விடும் திருகு) இருந்தால் திறந்து, குமிழியில்லாமல் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். மின் வோட்டர் பம்ப் உள்ள பி.எம்.டபிள்யூ எஞ்சின்கள் பலவற்றுக்குத் தனி முறை உண்டு: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் போட்டு, ஹீட்டரை உச்சத்திலும் ஃபேனைக் குறைந்த வேகத்திலும் வைத்து, அக்ஸிலரேட்டரைப் பத்து வினாடி முழுதாக மிதித்துப் பிடித்தால் பம்ப் தானாகச் சுமார் 12 நிமிடம் ஓடும். அந்நேரம் பற்றரிக்குச் சார்ஜர் கொடுத்து வையுங்கள். காற்று மிஞ்சினால் இரண்டொரு ஓட்டத்துக்குப் பின் அது மேலேறி, மட்டம் இறங்கி, புதுச் சென்சர் மறுபடி விளக்கைப் போடும். அது பழுதல்ல. ஆறிய பின் நிரப்பினால் முடிந்தது.

விளக்கு அணைந்ததைப் பார்த்து வேலையை முடித்துவிடாதீர்கள். சிரிஞ்சால் மறுபடி MIN கோட்டுக்குக் கீழே இறக்கி, இக்னிஷன் போட்டு, விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால்தான் சென்சர் சரியாகப் பொருந்தியிருக்கிறது. பிறகு நிரப்பி, கோட் இருந்தால் அழித்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் பொறுப்பாளர்களுக்கு

அடுக்குமாடிகளிலும் கடைகளிலும் உள்ள ஜெனரேட்டர்களில் இந்தச் சென்சர் விளக்கைப் போடுவதோடு நிற்காது, எஞ்சினையே நிறுத்திவிடும். மின்வெட்டு நேரத்தில் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றால் கன்ட்ரோலர் திரையில் கூலன்ட் மட்டச் செய்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சென்சர் வழக்கமாக ரேடியேட்டரின் மேல் டேங்கில் இருக்கும். இணைப்பு வயர் அதிர்வில் உராய்ந்து உடலோடு ஏர்த் ஆவது அடிக்கடி நடப்பது. சென்சரை மாற்றினால் அது திறந்த தொடுகையா மூடிய தொடுகையா என்பதும், கன்ட்ரோலர் அமைப்பில் அதே வகை தெரிவாகியிருப்பதும் ஒத்துப்போக வேண்டும். மாறியிருந்தால் கூலன்ட் நிரம்பியிருக்கும்போது நிற்கும், தீர்ந்தபோது ஓடும். மாதாந்தச் சோதனை ஓட்டத்தில் ஒரு தடவையாவது வேண்டுமென்றே மட்டத்தைக் குறைத்து, ஜெனரேட்டர் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வடித்த பழைய கூலன்டை வடிகானிலோ முற்றத்திலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் தேடி நக்கும், சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொல்லும். சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பது சிறுபிள்ளைகளுக்கு அதே அளவு ஆபத்து. கூலன்ட் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, பழைய ஒயில் சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். ஒயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுத்தால்தான் அவர்கள் எடுப்பார்கள்.